மேகத்துக்கு இரண்டு வாசல்

ஜூலை 8, செவ்வாய்

இந்த டைரி நகைக்கடையில் இனாமாகக் கொடுத்தது. ஜூன் வரையிலான பக்கங்களில் என் மகள் சுகிர்தா கோலம் வரைந்து பழகியிருக்கிறாள். மீதிப் பக்கங்கள் எனக்கு. இன்றைக்கு எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் இருக்கிறது. ஆபீசில் எனக்கு வானத்தைக் கொடுத்துவிட்டார்கள்.

சும்மா சொல்லவில்லை. சட்ட வரைவுப் பிரிவில் இருபது வருஷமாகக் குப்பை கொட்டுகிறேன். மாட்டுச் சந்தை, மீன் ஏலம், லிஃப்ட், நாய் உரிமம் எல்லாவற்றுக்கும் வரைவு எழுதியாச்சு. இன்று துணைச் செயலாளர் ஆராவமுதன் கூப்பிட்டார். "தங்கபுஷ்பம், தனியார் கம்பெனிக்காரங்க பிளேன்ல போய் மேகத்துல எதையோ தூவி மழை வரவைக்கிறாங்க. சட்டம் ஒண்ணு வேணும். மூணு வாரம் டைம்" என்றார். கேன்டீனில் பக்கோடா சொல்வது மாதிரி சொன்னார்.

மே மாதம் நடந்த கூத்துதான் காரணம். ஏதோ ஒரு பெரிய வீட்டுக் கல்யாணம், கடற்கரையில் பந்தல். மணமேடை நனையக்கூடாது என்று கம்பெனியைப் பிடித்து, வருகிற மேகத்தை முன்னாடியே வேறு இடத்தில் கொட்டவைத்திருக்கிறார்கள். "எங்க மழையத் திருடிட்டானுவ" என்று பக்கத்து ஊர்க்காரர்கள் சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். திருட்டு வழக்குப் போட போலீசுக்கும் ஆசைதான். எந்தப் பிரிவில் போடுவது?

"சார், மேகம் யாருக்குச் சொந்தம்?" என்று கேட்டேன்.

"அதைத்தாம்மா நீங்க எழுதணும்" என்றார். மகராசன்.

ஜூலை 9

எங்கள் பிரிவில் யாரும் வெள்ளைத்தாளில் சட்டம் எழுதுவதில்லை. அது ரகசியமும் இல்லை. பழைய சட்டம் ஒன்றை முன்மாதிரியாக எடுத்து, பெயரை மாற்றி, வேண்டாததை அடித்து, வேண்டியதைச் சேர்ப்போம். முன்மாதிரியில் இருந்த வரி என்றால் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். புது வரி என்றால் ஒன்பது பேர் ஒன்பது பேனாவோடு வருவார்கள்.

மேகத்துக்கு எதை எடுப்பது? அலமாரியைக் குடைந்து, தும்மித் தும்மி, கடைசியில் சர்க்கஸ் கூடாரங்களுக்கான பழைய உரிமச் சட்டத்தைப் பிடித்தேன். யோசித்துப் பார்த்தால் பொருத்தம்தான். இரண்டும் ஊர் ஊராகப் போகும். இரண்டும் எப்போது கிளம்பும் என்று தெரியாது. கம்ப்யூட்டரில் 'கூடாரம்' என்று வந்த இடமெல்லாம் 'மேகம்' என்று ஒரே தட்டில் மாற்றிவிட்டு, கத்திரிக்காய் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஜூலை 10

காலையில் பிரித்துப் படித்தேன். "ஒவ்வொரு மேகத்துக்கும் போதிய அகலமுள்ள இரண்டு வாசல்கள் இருத்தல் வேண்டும். வாசல் அருகே மணல் நிரப்பிய வாளிகள் நான்கு தொங்கவிடப்பட வேண்டும்."

வீட்டில் சொன்னதும் என் வீட்டுக்காரர் பால்துரைக்குப் புரை ஏறிவிட்டது. மின்வாரியத்தில் இருக்கிற மனுஷர், ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். "வாளியில மணல் எதுக்கு, உப்பு வை, மழையாவது வரும்" என்றார். ஏழு வார்த்தை அதிலேயே போச்சு.

ஜூலை 15

சங்குப்பட்டினத்திலிருந்து அண்ணன் போன். தவசிமுத்து அண்ணனுக்கு அங்கே பன்னிரண்டு ஏக்கர் உப்பளம், குத்தகைக்கு.

"ஏட்டி, பேப்பர்ல போட்டுருக்கான், மழைக்குச் சட்டம் வருதாமே. எவன்ட்டி எழுதுதான்?"

வரைவு ரகசியம். வெளியே மூச்சு விடக்கூடாது. "யாரோ எழுதுவாங்கண்ணே" என்றேன்.

"எவனா இருந்தாலும் சொல்லி வைட்டி. ஐப்பசி வரைக்கும் எங்களுக்கு வெயில் வேணும். போன வருஷம் முன்னாடியே மழை அடிச்சு பாதி உப்பு போச்சு. இந்த வருஷமும் நனைஞ்சுதுன்னா அளத்தைத் திருப்பிக் குடுத்துட்டு அடுத்தவன் அளத்துல கூலிக்குத்தான் வாரணும், பாத்துக்கோ."

அண்ணனுடைய உப்பு அம்பாரத்தை எனக்குத் தெரியும். வெயிலில் கண் கூசும், அத்தனை வெள்ளை. வருஷா வருஷம் செப்டம்பரில் அதிலிருந்து ஒரு மூட்டை பார்சல் லாரியில் எனக்கு வரும். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் கடையில் உப்பு வாங்கியதே கிடையாது. சட்டக் கல்லூரியில் என்னைச் சேர்க்க வந்தபோது, காலெல்லாம் உப்பு அரித்த புண்ணோடு செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றவன் அவன்.

ஜூலை 18, வெள்ளி

சாம்பாரில் உப்புப் போட மறந்துவிட்டேன். யாரும் சொல்லவில்லை. நல்ல குடும்பம்.

மத்தியானம் மதினி போன். என் வீட்டுக்காரருடைய அக்கா ராஜகனி. சங்குப்பட்டினத்துக்கு மேற்கே முப்பது மைலில் பெத்தனூரணி. மானாவாரி பூமி. கம்பும் மிளகாயும். வானம் பெய்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

"புஷ்பம், நாங்க வெள்ளாமை பாக்குற நாப்பது சம்சாரி சேந்து அந்த மழைக் கம்பெனிகிட்ட பேசியிருக்கோம். புரட்டாசி விதைப்புக்கு ஒத்த மழை போதும்மா. ரெண்டு வருசமா விதைச்சதை எறும்புதான் தின்னுச்சு. ஆனா சட்டம் வந்தா கலெக்டர்கிட்ட உரிமம் வாங்கணுமாம்ல? பேப்பரைத் தூங்கப் போட்டுருவான். கார்த்திகையில முழிச்சுக் கையெழுத்துப் போட்டா நான் என்ன செய்ய?"

எனக்குச் சென்னையில் வேலை கிடைத்து, தங்க இடமில்லாமல் அலைந்த இரண்டு வருஷமும் சுகிர்தாவை வளர்த்தது மதினிதான். என் பிள்ளை முதன்முதலில் 'அம்மா' என்று கூப்பிட்டது அவர்களை. அந்த இரண்டு வருஷத்தை மதினி ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை. இன்றைக்கும் சொல்லவில்லை.

சாயந்தரம் வரைவைத் திரும்பப் பார்த்தேன். ஒன்பதாம் பிரிவு, சர்க்கஸில் இருந்து வந்தது: "விண்ணப்பம் கிடைத்த பதினைந்து நாட்களுக்குள் ஆட்சியர் பதில் அளிக்காவிட்டால், உரிமம் வழங்கப்பட்டதாகவே கருதப்படும்." சர்க்கஸுக்குச் சரி. பதில் வருகிறவரை யானையைக் கட்டிப்போட்டுத் தீனி போட முடியுமா? மேகத்துக்கு இது வேண்டாம். அடிக்கலாம் என்று பென்சிலை எடுத்தேன். முனை உடைந்துவிட்டது. போகட்டும், முன்மாதிரியில் இருப்பதை நான் ஏன் தொடவேண்டும்?

ஜூலை 22

ஆராவமுதன் சார் வரைவைப் பார்த்தார். 'மழை' என்றால் தூறலும் அடங்குமா என்று முக்கால் மணி நேரம். எங்கோ தப்பிப் பிழைத்திருந்த மணல் வாளி ஒன்றைக் கண்டுபிடித்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். பிறகு ஒன்பதில் விரலை வைத்தார்.

"இது என்னம்மா? பதில் சொல்லலேன்னா பறக்கலாமா?"

"முன்மாதிரியில உள்ளதுதான் சார்."

"அப்ப சரி." சுருக்கொப்பம் போட்டுவிட்டார்.

ஜூலை 29, செவ்வாய்

இன்றைக்கு என்ன நடந்தது என்று நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது.

கருத்துக்கேட்புக் கூட்டம். ஒரு பக்கம் மழைக் கம்பெனி ஆள், பிரணவ் என்று பெயர், ஏசி அறையிலும் கோட்டு. ஒரு பக்கம் விவசாயிகள் ஆறு பேர். நல்லவேளை, மதினி வரவில்லை. இன்னொரு பக்கம் சிறு உப்பு உற்பத்தியாளர்கள். கதவைத் திறந்துகொண்டு மூன்றாவதாக நுழைந்தது யார்? எங்கள் அண்ணன்! வெள்ளைச் சட்டை, கையில் மஞ்சள் பை.

நான் மேசைக்குப் பின்னால், பெயர்ப்பலகையோடு. அவன் என்னைப் பார்த்தான். பெயர்ப்பலகையைப் பார்த்தான். ஒரு நொடி வாய் திறந்தது. அப்புறம் என்ன நினைத்தானோ, கைகூப்பி, "வணக்கம் மேடம்" என்றான். பிறந்ததிலிருந்து என்னை ஏட்டி என்று தவிர வேறு எதுவும் சொல்லாதவன்! எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்து, தண்ணீர் குடிப்பது போலப் பாட்டிலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

பிரணவ் படம் போட்டு விளக்கினார். "பயப்பட ஒண்ணுமே இல்ல. நாங்க மேகத்துல தூவுறது மெயினா நம்ம வீட்டு உப்புதான். பவுடரா."

அண்ணன் எழுந்துவிட்டான். "உப்பைத் தூவி எங்க உப்பைக் கரைப்பீயளோ? நல்ல கதையா இருக்குல்லா! உங்களுக்கு எத்தன மூட்டை வேணும்னு சொல்லுங்க தம்பி, சும்மாவே தாரோம். மேல மட்டும் ஏறாதீய." அறையே சிரித்தது. விவசாயிகளும் சிரித்தார்கள்.

பிறகு என் பக்கம் திரும்பினான். "மேடம், எனக்கு ஒரே ஒரு சந்தேகம். கலெக்டர் கையெழுத்து இல்லாம பிளேன் ஏறாதுல்லா?"

"உரிமம் இல்லாமல் யாரும் பறக்க முடியாது" என்றேன். ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது.

மத்தியானம் வீட்டில் மீன்குழம்பு. அண்ணன் மூன்று தரம் சோறு வாங்கினான். "உன்னய அங்க பாத்ததும்தாம்ட்டி எனக்கு உயிரே வந்துச்சு. நம்ம பிள்ளை எழுதுனதுல ஓட்டை இருக்காதுன்னு கூட வந்தவனுவகிட்டயும் சொல்லிட்டேன். இந்தத் தடவை தார்ப்பாய்கூட எடுக்கல. ஐப்பசி பொறந்து பாத்துக்கிடலாம்" என்றான். ரசத்துக்கு எழுந்து அடுக்களைக்குப் போனேன். வந்து பார்த்தால் கையில் ரசம் இல்லை.

ஆகஸ்ட் 14

அவசரச் சட்டம் அரசிதழில் வெளிவந்துவிட்டது. நாட்டிலேயே நாங்கள்தான் முதலோ என்னவோ. ஆராவமுதன் சார் எல்லாருக்கும் பாதுஷா. என்னுடையதை சுகிர்தாவுக்கு வைத்திருந்தேன். டயட்டாம். நானே தின்றேன்.

ஆகஸ்ட் 18

மதினி போன். பெத்தனூரணிக்காக இன்று கம்பெனி விண்ணப்பம் கொடுத்துவிட்டதாம்.

ஆகஸ்ட் 25

மிக்ஸி ரிப்பேர். விண்ணப்பத்துக்கு ஏழாம் நாள்.

ஆகஸ்ட் 29

பெத்தனூரணி மாவட்டத்தில் ஏதோ விழாவாம். ஆட்சியர் அலுவலகத்தில் எல்லாரும் பந்தக்கால் வேலையில் இருக்கிறார்கள் என்று யாரோ பேச்சுவாக்கில் சொன்னார்கள். நான் விசாரிக்கவில்லை. சரி, விசாரித்தேன்.

ஒரு போன் போட்டு, "ஐயா, அந்த விண்ணப்பத்துக்கு ஆம், இல்லை ஏதாவது பதில் எழுதிவிடுங்கள்" என்று சொல்லலாம். ஆனால் அது என் வேலை இல்லையே.

செப்டம்பர் 2, செவ்வாய்

பதினைந்து.

செப்டம்பர் 6, சனி

லீவு நாள். காலையில் தலைக்குக் குளித்து, துணி காயப்போட்டு, மூன்று மணிக்குக் காபியோடு உட்கார்ந்தேன். மதினி போன். எடுத்தால் பேச்சே இல்லை, ஓட்டு மேல் கல்லைக் கொட்டுகிற சத்தம்.

"கேக்குதா புஷ்பம்? கேக்குதா? மழைம்மா! ஓடையில தண்ணி போகுது! பிளேன் வந்துட்டுப் போயி ஒரு மணி நேரங்கூட ஆகல!" அழுகிறார்களா சிரிக்கிறார்களா என்று தெரியவில்லை. நான் ஸ்பீக்கரில் போட்டேன். இவர் வந்து நின்று கேட்டார். சுகிர்தா, "அத்தே, நனையாதீங்க!" என்று கத்தினாள். "நனையத்தான் செய்வேன், போடி!" என்று பதில் வந்தது. நான் சென்னையில் உட்கார்ந்துகொண்டு தேம்பித் தேம்பி அழுதேன். சந்தோஷம்தான். எழுதுவதில் என்ன வெட்கம்?

ஐந்து மணிக்கு அண்ணன்.

மேகம் பெத்தனூரணியோடு நிற்கவில்லை. நாம் எழுதிய எல்லைக்கோடு அதற்கு எப்படித் தெரியும்? காற்றோடு கிழக்கே நகர்ந்து கடற்கரையில் போய் மிச்சத்தைக் கொட்டிவிட்டது. முக்கால் மணி நேரம். வாருகிற பதத்தில் இருந்த பாத்தி எல்லாம் செம்மண் தண்ணீர். அம்பாரத்தின் மேல் தார்ப்பாய் இல்லை.

"கையெழுத்து இல்லாம எப்படிட்டி ஏறுச்சு?" என்று மட்டும் கேட்டான். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. "விசாரிச்சுச் சொல்லுட்டி" என்றான்.

"சரிண்ணே" என்றேன். காயப்போட்ட துணியை எடுத்து மடித்தேன். மடித்ததையே திரும்ப மடித்தேன்.

செப்டம்பர் 8, திங்கள்

என்னை விசாரிக்கச் சொன்னவன் காத்திருக்கவில்லை. அவனே ஆட்சியர் அலுவலகம் போய்விட்டான். யாரோ அரசிதழைக் காட்டிப் படித்துச் சொல்லியிருக்கிறார்கள். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் போன்.

"ஒம்பதாம் பிரிவாம்ட்டி. பதினஞ்சு நாள் சும்மா இருந்தா கையெழுத்துப் போட்ட மாதிரியாம். எந்தக் கட்டையில போவான் எழுதுனானோ! உனக்குத் தெரியாம உள்ள சொருகிட்டானுவளா? ஆளைச் சொல்லு, நான் வந்து கேக்கேன்."

டிபன் பாக்ஸைத் திறந்து வைத்திருந்தேன். தயிர்சாதம், மாவடு. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நான்தாண்ணே எழுதினேன்."

டிபன் பாக்ஸை மூடினேன்.

"தெரியாமதான?" என்றான். கேட்கும்போதே பதிலையும் எடுத்துக் கொடுக்கிறான், பாவி. ஆமாண்ணே, பழைய சட்டத்தில் இருந்து தவறி வந்துவிட்டது என்று சொன்னால் போதும். நம்பிவிடுவான். எனக்காக ஊரெல்லாம் பரிந்து பேசவும் செய்வான்.

"தெரிஞ்சுதான்" என்றேன். "மதினி ஊருக்கு மழை வேணும்னு இருந்துச்சு."

வைத்துவிட்டான்.

ஜூலை 18-ஆம் தேதிப் பக்கத்தை இப்போது திருப்பிப் பார்த்தேன். பென்சில் முனை உடைந்தது என்று எழுதியிருக்கிறேன். உடையவில்லை. கூர் சீவி, புதுசாக இருந்தது. நான்தான் கீழே வைத்தேன்.

செப்டம்பர் 10

கோப்பில் குறிப்பு எழுதினேன். முன்மாதிரி இல்லாமல் நான் எழுதிய முதல் பக்கம் இதுதான். ஒன்பதாம் பிரிவின் விளைவு தெரிந்தே அதை விட்டுவைத்தேன். பயனடைந்தவரும் பாதிக்கப்பட்டவரும் என் உறவினர்கள். இந்தக் கோப்பை ஆரம்பத்திலேயே நான் வேண்டாம் என்றிருக்க வேண்டும். பதில் வராவிட்டால் உரிமம் இல்லை என்று திருத்த வேண்டும். விமானம் தூவிய நாளில் அந்த மேகம் போன வழியில் எங்கே பெய்தாலும், இல்லை என்று நிரூபிக்கும்வரை, அது கம்பெனியின் மழை என்றே கருத வேண்டும்.

ஆராவமுதன் சார் படித்துவிட்டுக் கதவைச் சாத்தினார். "ஏம்மா, முன்மாதிரியில இருந்துச்சு, நானும் ஒப்பம் போட்டேன். யாரு கேக்கப்போறா? கிழிச்சுப் போட்டுருங்க."

"எங்க அண்ணன் கேட்டுட்டான் சார்."

கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தார். பிறகு பேனாவைத் திறந்து, "சமர்ப்பிக்கப்படுகிறது" என்று எழுதினார். நல்ல மனுஷர்.

செப்டம்பர் 24

மெமோ வந்தாச்சு. விளக்கம் கொடுக்கும்வரை பழைய கோப்பு அறை. ஜன்னல் கிடையாது, கரப்பான் உண்டு. சர்க்கஸ் சட்டத்தின் மூலப் பிரதி இங்கேதான் இருக்கிறது, தினமும் முகத்தில் முழிக்கிறேன்.

மதினி போன் பண்ணினாங்க. கம்பு முளைத்து விரல் உயரம் நிற்கிறதாம். எல்லாவற்றையும் சொன்னேன். "எனக்காக இப்படிச் செஞ்சியாம்மா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வேண்டாம்னிருப்பேனே" என்றாங்க. சொல்லியிருப்பாங்க. அதனால்தான் சொல்லவில்லையோ என்னவோ.

இந்த மாதம் முழுக்க பார்சல் லாரி எதுவும் வரவில்லை. உப்பு ஜாடியில் அடி தெரிகிறது.

அக்டோபர் 6, திங்கள்

திருத்தம் இன்று அரசிதழில். ஒன்பது போச்சு. கம்பெனியின் மழை என்று கருதும் பிரிவு வந்துவிட்டது. ஆனால் இனிமேல் பெய்கிற மழைக்குத்தான். அண்ணன் மேல் பெய்ததற்கு இல்லை.

வரும் வழியில் கடையில் நின்று உப்பு கேட்டேன். "கல்லுப்பாக்கா, தூளா?" என்றார் கடைக்காரர். நாற்பத்தாறு வயதில் முதல் தடவை இந்தக் கேள்விக்குப் பதில் சொன்னேன். பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் சங்குப்பட்டினம் என்று போட்டிருந்தது. பையில் போடாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு, கடை வாசலில் நின்றே அண்ணனுக்குப் போன் போட்டேன். ஒரு மாதமாக எடுக்காதவன் எடுத்தான்.

"சொல்லுங்க மேடம்."

ஒன்பதை எடுத்தாச்சு என்று சொன்னேன். நல்லது என்றான். எங்கே இருக்கே என்று கேட்டேன்.

"மாரியப்பன் அளத்துல. அங்க அவ்வளவா நனையல. கூலிக்கு வாருதேன்."

பின்னால் உப்பு வாருகிற பலகை சரக் சரக்கென்று கேட்டது. மன்னிச்சிரு என்று சொல்லத்தான் போன் போட்டேன். அந்தச் சொல் மட்டும் வரவில்லை. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் அவனுக்குக் கேட்டிருக்கும்.

"வீட்டுல உப்பு இருக்கா?" என்றான்.

"கடையில வாங்கிட்டேன்."

"கடையிலயா?" பலகைச் சத்தம் நின்றது.

"நம்ம அளத்துல மழை அடிச்ச உப்பு ரெண்டு மூட்டை கிடக்கு. மண்ணா இருக்கும், ஒருத்தனும் எடுக்க மாட்டான். அனுப்புனா தின்பியாட்டி?"

"தின்பேண்ணே" என்றேன்.